44 நொடி வேளச்சேரியில் 46 ஆனது ஏன்?

கேள்வி: எங்கள் மகளுக்கு ஒன்பதரை வயது. ஆறு வயதில் கோடை வகுப்பில் நீச்சல் கற்றுக்கொண்டாள். ஒன்றரை வருடமாக ஒரு கிளப்பில் போட்டிப் பயிற்சிக்குப் போகிறாள். வாரம் ஐந்து நாள், மாலை ஐந்தரையிலிருந்து ஆறரை வரை. கிளப் குளம் 25 மீட்டர். அங்கே 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் என் கணவர் ஸ்டாப்வாட்ச்சில் பிடித்த டைமிங் 44.1 நொடி. போன மாதம் வேளச்சேரியில் நடந்த போட்டியில் 46.8 ஆகிவிட்டது. பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் ஒரு கையால் சுவரைத் தொட்டாள் என்று டிஸ்குவாலிஃபை செய்துவிட்டார்கள். அதிலிருந்து பயிற்சி இருக்கிற நாட்களில் பள்ளி விட்டு வந்ததும் வயிறு வலிக்கிறது என்கிறாள். கோச் இப்போது காலை 5.30 முதல் 7 வரை வாரம் ஆறு நாளும் வரச் சொல்கிறார்; மாலை வகுப்பும் தொடர வேண்டுமாம். தனியாக இன்னொரு கோச் வைக்கலாம், ரேஸிங் சூட் வாங்கலாம் என்கிறார் கணவர். எனக்கோ நிறுத்திவிடலாமா என்று இருக்கிறது. என்ன செய்வது?
— ஒரு தாய், சென்னை

பதில்: முதலில் அந்த 2.7 நொடியை முடித்துவிடுவோம். உங்கள் வீட்டில் நடக்கும் பாதி வாக்குவாதம் அதில் தொடங்குவதுபோலத் தெரிகிறது.

25 மீட்டர் குளத்தில் 50 மீட்டர் நீந்தினால் நடுவில் ஒரு டர்ன் உண்டு. சுவரைக் காலால் உதைத்துக் கிளம்பும்போது முதல் சில மீட்டருக்குக் கிடைக்கும் வேகம், எந்தக் குழந்தையும் கை வீசி நீந்தும் வேகத்தைவிட அதிகம். வேளச்சேரியில் இருப்பது 50 மீட்டர் குளம். அங்கே அந்த உதை கிடையாது. 30, 35 மீட்டர் தாண்டியதும் கை தளரும், பிடித்துத் தள்ளச் சுவர் இருக்காது. ஒன்பது வயதுக் குழந்தைக்கு இதனால் மட்டுமே ஒன்று, ஒன்றரை நொடி கூடுவது சாதாரணம். உலக சாதனைகளையே 25 மீட்டர் குளத்துக்குத் தனியாகவும் 50 மீட்டர் குளத்துக்குத் தனியாகவும்தான் பதிவு செய்கிறார்கள். இரண்டையும் ஒப்பிடுவதில்லை.

அடுத்தது ஸ்டாப்வாட்ச் கணக்கு. ஹார்ன் அடித்த பிறகுதான் உங்கள் கணவரின் கட்டைவிரல் அசையும், ஆகவே வாட்ச் கொஞ்சம் தாமதமாகத் தொடங்கும். முடிவிலோ, மகள் சுவரை நெருங்குவது கண்ணுக்குத் தெரிவதால் விரல் முந்திக்கொள்ளும். தொடக்கத்தில் ஒரு துளி, முடிவில் ஒரு துளி என்று கையால் பிடித்த நேரம் மின்னணு நேரத்தைவிடப் பெரும்பாலும் 0.2 நொடியாவது குறைவாகவே வரும். அப்பா பிடித்தால் இன்னும் குறையும். பாசத்தை எந்தக் கடிகாரமும் கழிப்பதில்லை. சுவரில் டச்பேட் என்ற மின்னணுப் பலகை வைத்திருந்த போட்டி என்றால் அதை அழுத்தினால்தான் நேரம் நிற்கும். சிறு பிள்ளைகள் பலர் சுவரைத் தொட்டும் தொடாமலும் வந்து நிற்பார்கள், அங்கேயும் கொஞ்சம் போகும். கிளப்பில் பிளாக்கிலிருந்து (குளத்தோரம் இருக்கும் டைவ் மேடை) டைவ் அடித்தாளா, சுவரைத் தள்ளிக் கிளம்பினாளா என்று நீங்கள் எழுதவில்லை. அதுவும் ஒரு நொடிக்கு மேல் மாற்றக்கூடிய விஷயம்.

ஆக, 44.1-ம் 46.8-ம் ஏறத்தாழ ஒரே வேகம் என்று எடுத்துக்கொள்ளலாம். பழைய நோட்டு ஒன்றில் இரண்டு பத்தி போடுங்கள்: 25 மீட்டர் குளம், 50 மீட்டர் குளம். போட்டியில் வந்த நேரம் மட்டும் அதில் ஏறட்டும். வேளச்சேரி நேரத்தை அடுத்த வேளச்சேரி நேரத்தோடு ஒப்பிடுங்கள்.

இந்த வயதில் டைமிங்கைவிட நம்பத் தகுந்த அளவு ஒன்று இருக்கிறது: கை எண்ணிக்கை. 25 மீட்டரைக் கடக்க எத்தனை கை வீசுகிறாள் என்று எண்ணுவது. வலது கை ஒன்று, இடது கை ஒன்று என்று தனித்தனியாக எண்ண வேண்டும். சாதாரண வேகத்தில், சுவரை உதைத்துக் கிளம்பி, 28 கை வீசிக்கொண்டிருந்தவள் நாலு மாதத்தில் அதே நேரத்தில் 25 கையில் வந்து சேர்கிறாள் என்றால் நல்ல முன்னேற்றம் நடந்திருக்கிறது, டைமிங் அப்படியே நின்றாலும்கூட. ஒவ்வொரு கையிலும் அவள் பிடிக்கும் தண்ணீர் கூடியிருக்கிறது, உடம்பு நீரில் நேராகப் படுக்கிறது என்று அர்த்தம். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய் டைமிங் மட்டும் குறைகிறது என்றால்தான் கவலை. அது வேகவேகமாகக் கையை வீசி வாங்கிய டைமிங். பதின்மூன்று, பதினான்கு வயதில் 200 மீட்டருக்குப் போகும்போது கைகொடுக்காது. மாதம் ஒருமுறை எண்ணினால் போதும். கேலரியில் உட்கார்ந்து தினம் எண்ணாதீர்கள்.

டிஸ்குவாலிஃபிகேஷன் பற்றி. பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃபிளையிலும் டர்னிலும் முடிவிலும் இரண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும், கைகள் பிரிந்திருக்க வேண்டும். கை தண்ணீருக்கு மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் பரவாயில்லை. விதி இவ்வளவுதான். இதை அவள் மறந்திருப்பாள் என்று நினைத்து வீட்டில் நூறு தடவை சொல்லிக்கொடுத்துப் பயனில்லை, ஏனென்றால் பெரும்பாலும் காரணம் மறதி இல்லை. கடைசி வீச்சு முடிந்து சறுக்கி வரும்போது சுவருக்கு அரை அடி குறைந்துவிடும். இன்னொரு முழு வீச்சுக்கு இடம் இருக்காது. அந்த இடைவெளியை எட்டிப் பிடிக்க உடம்பு தானாகவே ஒரு தோளை முன்னால் தள்ளும், ஒரு கை முந்திவிடும். சுவரிலிருந்து பத்து மீட்டருக்குள் வீச்சின் நீளத்தைக் கூட்டிக் குறைத்துச் சுவருக்குச் சரியாக வந்து சேரும் பழக்கம் வேண்டும். வகுப்பு முடியும் நேரத்தில் பத்து நிமிடம், எட்டு முறை, பத்து மீட்டரிலிருந்து சுவர்வரை முழு வேகத்தில் என்று கோச் வைத்தால் சில வாரத்தில் சரியாகும். கோச்சிடம் கேட்க வேண்டியது இதைத்தான்: "டச் எங்கே குறைகிறது, அதற்கு என்ன டிரில்?"

மகளிடம் ஒரே ஒரு விஷயம் சொல்லலாம். ஒரு கை முந்தியதைப் பார்த்து எழுதிக்கொள்ள அந்த லேன் முனையில் ஒரு அதிகாரி நிற்பது அவர் வேலை. அவள் ஏமாற்றினாள் என்று யாரும் சொல்லவில்லை. ஒன்பது, பத்து வயதுப் பிரிவில் எந்தப் போட்டியின் முடிவுத்தாளை எடுத்தாலும் பிரெஸ்ட் ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளை வரிசையில் டிகியூ (டிஸ்குவாலிஃபை) என்ற எழுத்து இருக்கும். அந்தத் தாளை அவளுக்கே காட்டுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம், காலைப் பயிற்சி. கோச் கேட்பதைக் கூட்டிப் பாருங்கள். காலை ஒன்றரை மணி நேரம், ஆறு நாள்: 9 மணி. மாலை ஐந்து மணி. மொத்தம் வாரம் 14 மணி நேரம். பயிற்சி, போட்டி எல்லாம் சேர்த்து வாரத்தில் எத்தனை மணி நேரம் என்ற எண் குழந்தையின் வயதைத் தாண்டக் கூடாது என்பது குழந்தைகளின் விளையாட்டு மருத்துவத்தில் சொல்லப்படும் எளிய கணக்கு. உங்கள் மகளுக்கு அது ஒன்பது மணி. வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு, ஆண்டில் இரண்டு மூன்று மாதமாவது அந்த விளையாட்டிலிருந்து விடுப்பு என்பதும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்லிவரும் அறிவுரை. விடுப்பை ஒரே மூச்சில் எடுக்க வேண்டியதில்லை, மாதம் மாதமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

தோளுக்கு என்ன ஆகிறது என்று பார்த்தால் இந்தக் கணக்கின் காரணம் புரியும். ஒரு வகுப்பில் 2,000 மீட்டர் நீந்தினால் 80 நீளம். நீளத்துக்கு 26 கை என்றால் 2,080 வீச்சு, ஒரு தோளுக்கு ஆயிரத்துக்கு மேல். ஒரே நாளில் காலையும் மாலையும் என்றால் இரண்டாயிரம். ஒன்பது வயதில் தோளைச் சுற்றியுள்ள சிறு தசைகள் இன்னும் வலுப்பெறவில்லை. களைத்த பிறகு கை தண்ணீரில் இறங்கும்போது நடுக்கோட்டைத் தாண்டிக் குறுக்கே போகும். தோள்வலி அங்கேதான் பிறக்கிறது. களைப்போடு போடும் ஆயிரம் கை தப்பான கையைத்தான் பழக்கும். கையில் மாட்டும் பேடில்ஸும் இந்த வயதில் வேண்டாம். கிக்போர்டு, குட்டையான ஃபின்ஸ் போதும்.

தூக்கக் கணக்கு இதைவிடக் கறாரானது. 6 முதல் 12 வயதுவரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். ஐந்தரைக்குக் குளத்தில் இருக்க வேண்டும் என்றால் நாலே முக்காலுக்கு எழ வேண்டும். ஒன்பது மணி நேரம் தூங்க வேண்டும் என்றால் இரவு ஏழே முக்காலுக்குள் தூங்கியிருக்க வேண்டும். மாலை வகுப்பு ஆறரைக்கு முடிந்து, குளித்து, வீடு வந்து, சாப்பிட்டு, வீட்டுப்பாடம் எழுதி ஏழே முக்காலுக்குத் தூங்குவது சென்னை டிராஃபிக்கில் நடக்கிற காரியம் இல்லை. எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் ஏழு மணி நேரத்துக்கு மேல் தேறாது. வளர்ச்சி ஹார்மோன் பெருமளவு சுரப்பது ஆழ்ந்த தூக்கத்தில். அதைக் குறைத்துவிட்டு உயரமும் வேகமும் வரவில்லையே என்று பார்ப்பதில் அர்த்தமில்லை.

எங்கள் யோசனை: பள்ளி நாட்களில் வாரம் நாலு நாள் மாலை வகுப்பு. சனிக்கிழமை காலை ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு நீண்ட வகுப்பு, ஆறரைக்கோ ஏழுக்கோ. ஞாயிறு விடுப்பு. மொத்தம் ஐந்தரை மணி நேரம். பதினோரு வயதில் இன்னொரு வகுப்பைச் சேர்க்கலாம். பள்ளி நாளில் விடியற்காலைப் பயிற்சி என்ற பேச்சு பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்குப் பிறகு, அவளே அலாரம் வைத்து எழும் அளவுக்கு ஆசை இருந்தால் வரட்டும். மிச்ச நேரத்தில் தெருவில் சைக்கிள், பள்ளியில் கோ-கோ, ஸ்கிப்பிங் என்று ஏதாவது ஓடட்டும். தண்ணீர் உடம்பைத் தாங்கிப் பிடிப்பதால் நீச்சல் எலும்பை அவ்வளவாக வலுவாக்காது. குதிப்பதும் ஓடுவதும்தான் அதைச் செய்யும்.

தினிதி தேசிங்கு 14 வயதில் பாரீஸ் ஒலிம்பிக்கில் நீந்தவில்லையா என்று உங்கள் கணவர் கேட்கக்கூடும். நீந்தினார், 2024 இந்திய அணியிலேயே வயதில் இளையவர் அவர்தான். ஒலிம்பிக்கின் 'ஏ' தகுதி நேரத்தை (நேரடியாக இடம் வாங்கித் தரும் நேரம்) முதன்முதலில் எட்டிய இந்திய நீச்சல் வீரர் சாஜன் பிரகாஷ் அதை எட்டியது 2021-ல், 27 வயதில், 200 மீட்டர் பட்டர்ஃபிளையில். இரண்டு வழியும் உண்டு. ஒன்பது வயதில் எந்த வழி என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த வயதுப் போட்டிகளில் முன்னால் வருகிறவர்களில் பலர் சீக்கிரம் உயர்ந்துவிட்டவர்கள். நீள உடம்பு, நீளக் கை, பெரிய பாதம் ஆகியவை ஒன்றிரண்டு நொடியை இலவசமாகக் கொடுக்கும். மற்றவர்கள் வளர்ந்ததும் அந்தச் சலுகை போய்விடும்.

வயிற்று வலிக்கு வருவோம். பொய் சொல்கிறாள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், வலி உண்மையாகவே இருக்கும். இரண்டு வாரம் ஒரு தாளில் குறியுங்கள்: எந்த நாள், எத்தனை மணிக்கு, அதற்கு முன் என்ன சாப்பிட்டாள், எப்போது நின்றது. பயிற்சி இல்லாத நாளிலும் வருகிறதா, இரவில் தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா, எடை குறைகிறதா, வாந்தியோ காய்ச்சலோ சேர்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் தாளோடு குழந்தை மருத்துவரிடம் போங்கள். மலச்சிக்கலையும் கேட்டுப் பாருங்கள். பள்ளிக் கழிப்பறைக்குப் போகாமல் அடக்கிவைக்கும் பிள்ளைகளுக்கு அதுதான் பல நேரம் காரணம்.

சாப்பாட்டு நேரமும் வலியைக் கொண்டுவரும். பள்ளி விட்டு வந்ததும் பப்ஸ், சமோசா, பெரிய டம்ளர் நிறைய பால் என்று கொடுத்து ஒரு மணி நேரத்தில் குளத்தில் இறக்கினால், எண்ணெய்ப் பண்டம் இன்னும் இரைப்பையில்தான் இருக்கும். குப்புறப் படுத்து நீந்தும்போதும், டர்னில் உடம்பைச் சுருட்டிப் புரளும்போதும் அது மேலே வரும். நாலு மணிக்கு இரண்டு சப்பாத்தி அல்லது இரண்டு தோசை அல்லது ஒரு கிண்ணம் அவல் உப்புமா. ஐந்து மணிக்கு அரை வாழைப்பழம். குளத்தோரம் அரை லிட்டர் தண்ணீர். தண்ணீருக்குள் இருந்தாலும் வியர்க்கும், அது தெரியாது, அவ்வளவுதான். வீடு வந்ததும் ஏழரைக்குள் சோறு, சாம்பார், காய், கூட ஒரு முட்டை அல்லது ஒரு கிண்ணம் சுண்டல் அல்லது பனீர். பால் அப்போது குடிக்கட்டும். புரோட்டீன் பவுடர் தேவையில்லை. குளுக்கோஸ் பவுடர் வெறும் சர்க்கரை. எப்போதும் சோர்வு, முகவெளுப்பு என்று இருந்தால் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வயதில் 11.5-க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை.

உணவும் மருத்துவமும் சரி, பயிற்சி நாளில் மட்டும் வந்து வகுப்பு முடிந்ததும் மறைகிறது என்றால், மனதில் இருக்கும் பயம் வயிற்றில் தெரிகிறது. "ஏன் போகமாட்டேங்கிற?" என்று கேட்டால் பதில் வராது. "கிளாஸ்ல எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்று கேளுங்கள். பட்டர்ஃபிளை செட்டா, பெரிய பிள்ளைகளோடு ஒரே லேனில் போட்டு அவர்கள் காலில் தட்டிக்கொண்டே வருகிறார்களா, அப்பா வாட்ச்சோடு நிற்பதா, கோச் கத்துவதா என்று ஏதாவது ஒன்று வெளியே வரும்.

கோச் பற்றி அவள் சொன்னால் கவனமாகக் கேளுங்கள். சத்தமாகச் சொல்வது குளத்தோரம் சகஜம். தண்ணீருக்குள் இருக்கும் காதுக்குக் கேட்க வேண்டுமே. கிக்போர்டால் அடிப்பது, எடையைச் சொல்லிக் கேலி செய்வது, தண்டனையாகக் குளத்திலேயே நிறுத்திவைப்பது சகஜம் இல்லை. கிளப்பில் யாராவது குழந்தையின் போனுக்குத் தனியாக மெசேஜ் அனுப்புவது, உடை மாற்றும் அறைக்குள் பெரியவர்கள் நுழைவது இரண்டும் கூடாது. பெற்றோர் பார்க்கவே கூடாது என்று கதவை மூடும் கிளப் வேண்டாம். உடம்பைத் தொட்டது பற்றி ஏதாவது சொன்னால் கிளப்போடு பேசித் தீர்க்கும் விஷயம் அல்ல அது. குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசுங்கள், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 முதல் இருக்கிறது.

கிளப்பில் யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்ற பந்தயம் நடக்கிறதா என்றும் கேளுங்கள். வேகவேகமாகப் பலமுறை மூச்சு இழுத்து விட்டு உள்ளே போனால் இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிடும். மூச்சு வேண்டும் என்ற அவசரத்தை உண்டாக்குவது அதுதான். அந்த உணர்வு வருவதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து, நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளையே சத்தமில்லாமல் மயங்கிவிடும். லைஃப்கார்டு இருந்தாலும் இது கூடாது. மகளுக்கு இதை ஒரு கட்டளையாகவே சொல்லுங்கள்.

உங்கள் கணவருக்கு: அந்த ஸ்டாப்வாட்ச்சை மூன்று மாதம் பீரோவில் வையுங்கள். ஒவ்வொரு நீளம் முடிந்ததும் கோச்சின் முகத்தைப் பார்க்க வேண்டிய குழந்தை கேலரியைத் திரும்பிப் பார்க்கிறாள் என்றால் அங்கே இரண்டு கோச் ஆகிவிட்டது. தனிக் கோச்சிங் வேண்டாம் என்பதற்கும் அதே காரணம். ஒருவர் கையை ஆழமாக விடு என்பார், இன்னொருவர் அகலமாக விடு என்பார். ஒன்பது வயதுப் பிள்ளை இருவரையும் திருப்திப்படுத்தப் பார்த்து இரண்டையும் கெடுத்துக்கொள்ளும். வாட்ச் பிடித்தே ஆக வேண்டும் என்றால் நல்ல வழி ஒன்று இருக்கிறது. உள்ளூர்ப் போட்டிகளில் டைம்கீப்பருக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறை. பேர் கொடுத்துவிட்டு ஒரு நாள் முழுக்க அடுத்தவர் பிள்ளைகளுக்கு டைம் பிடிக்கட்டும். எத்தனை பிள்ளைகள் டிகியூ ஆகிறார்கள், எத்தனை பேர் அழுதுகொண்டே ஏறி வந்து ஐந்தே நிமிடத்தில் ஐஸ்கிரீம் கேட்கிறார்கள் என்று பக்கத்திலிருந்து பார்ப்பார். வீட்டுக்குத் திரும்பும் வண்டியில் நீச்சல் பேச்சை அவள் எடுத்தால் பேசுங்கள், இல்லையென்றால் இரவுச் சாப்பாட்டுக்கு என்ன என்று பேசுங்கள்.

ரேஸிங் சூட் இப்போது வேண்டாம். அமெரிக்க நீச்சல் சம்மேளனம் 12 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு அந்த வகை உடையை 2020-லேயே கட்டுப்படுத்திவிட்டது. உடம்பை இறுக்கிப் பிடிக்கும் அந்த உடையை உள்ளே நுழைக்கவே கால் மணி நேரம் ஆகும், சில போட்டிக்குள் தளர்ந்துவிடும், அதற்குள் அவள் வளர்ந்தும் விடுவாள். அந்தப் பணத்தில் பாலியெஸ்டர் அல்லது பி.பி.டி. துணியில் முட்டிவரை வரும் லெக் சூட் இரண்டு வாங்குங்கள். லைக்ரா அதிகம் உள்ள துணி குளோரினில் சில மாதத்தில் நைந்து தொங்கும், தண்ணீரை அள்ளிக்கொண்டு பின்னால் இழுக்கும். கூடவே ஒரே மாடலில் இரண்டு காகிள்ஸ். ஒன்று பழகியது, இன்னொன்று பையில்.

காகிள்ஸ் வாங்கும்போது பட்டையை மாட்டாமல் கண்குழியில் வைத்து லேசாக அழுத்தச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு நொடி தானாக ஒட்டி நின்றால் அந்த அளவு சரி. உடனே விழுந்தால் எவ்வளவு இறுக்கினாலும் தண்ணீர் புகும். டைவ் அடிக்கும்போது காகிள்ஸ் கழன்று வாய்க்கு வந்துவிடுகிறது என்பது இந்த வயதில் எல்லாரும் சொல்வது. பட்டை தலையின் பின்புறம் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும், அதன் மேல் கேப் போட வேண்டும். அப்படியும் கழன்றால் கோளாறு காகிள்ஸில் இல்லை. தண்ணீரைத் தொடும் நொடியில் அவள் தலையை நிமிர்த்தி முன்னால் பார்க்கிறாள். லென்ஸின் உட்புறத்தை விரலால் துடைக்க விடாதீர்கள், பனிமூட்டம் படியாத பூச்சு போய்விடும்.

குளத்தில் இறங்கும் முன் தலையை நல்ல தண்ணீரில் நனைத்துக்கொண்டால் முடி குளோரின் தண்ணீரை உறிஞ்சுவது குறையும். தேங்காய் எண்ணெயை நீச்சலுக்குப் பிறகு தடவுங்கள், முன்னால் தடவினால் கேப் வழுக்கும், குளமும் கெடும். காதில் தண்ணீர் நின்றால் தலையைச் சாய்த்துத் துண்டால் ஒற்றி எடுங்கள், பட்ஸ் கூடாது.

ஒன்பதரை வயது என்பதால் இன்னொன்று. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் உடம்பு மாறும். கொஞ்ச நாள் எடை கூடும், இடுப்பு அகலும், கையும் காலும் புது நீளத்துக்குப் பழகும்வரை டைமிங் நிற்கலாம், பின்னோக்கியும் போகலாம். அதை முன்கூட்டியே அவளிடம் சொல்லிவையுங்கள். மாதவிடாய் வந்தால் என்ன செய்வது, பையில் என்ன வைத்துக்கொள்வது என்பதையும் வருவதற்கு முன்பே பேசுங்கள். அந்த நாட்களில் நீந்துவதா விடுவதா என்பது அவள் விருப்பம். நீந்துவதால் கெடுதல் ஒன்றும் இல்லை. கிளப்பில் யாரிடம் சொல்வது என்பதையும் இப்போதே தீர்மானித்துவிடுங்கள்.

அடுத்த போட்டியன்று செய்ய வேண்டியது கொஞ்சம்தான். முதல் நாளே பட்டியல் வந்திருந்தால் அவளுடைய ஈவென்ட் எண், ஹீட் (எந்தக் குழுவில் நீந்துகிறாள் என்பது), லேன் மூன்றையும் பேனாவால் கையில் எழுதிவிடுங்கள். பெரிய நீச்சல்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள். வார்ம் அப்புக்கு முக்கால் மணி முன்பே போய்ச் சேருங்கள். அன்றைய வார்ம் அப்பில் பிளாக் எவ்வளவு உயரம், வழுக்குகிறதா, சுவர் எப்படி இருக்கிறது என்று அவள் தொட்டுப் பார்த்துவிட வேண்டும். துண்டு இரண்டு, உலர்ந்த டி-ஷர்ட் இரண்டு, செருப்பு, தொப்பி. இரண்டு போட்டிக்கு நடுவே இரண்டு மணி நேரம் இருந்தால் கொஞ்சம் தயிர்சாதம் அல்லது இரண்டு இட்லி. ஒரு மணி நேரத்துக்குள் என்றால் வாழைப்பழமோ இரண்டு பேரீச்சம்பழமோ போதும். விசிலை மட்டும் ஞாபகப்படுத்தலாம்: சின்னச் சின்ன விசில் கேட்டால் தயாராக வேண்டும், நீள விசில் கேட்டால் பிளாக்கில் ஏற வேண்டும், "டேக் யுவர் மார்க்ஸ்" சொன்னதும் குனிந்து அசையாமல் நிற்க வேண்டும். ஹார்னுக்கு முன் கிளம்பினால் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. மற்ற எதையும் அன்று சொல்லாதீர்கள்.

நிறுத்துவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது முடிவெடுக்காதீர்கள். பத்து நாள் முழு விடுப்பு கொடுங்கள், பிறகு மேலே சொன்ன நேர அட்டவணையில் மூன்று மாதம். அதற்குப் பிறகும் பயிற்சி நாளில் மட்டும் முகம் சுருங்குகிறது, தோழிகளோடு ஞாயிற்றுக்கிழமை சும்மா தண்ணீரில் விளையாடக்கூட மனம் வரவில்லை என்றால் நிறுத்துங்கள். நீந்தத் தெரியும் என்பது அவளிடமே இருக்கும், இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வருகிற பிள்ளைகளும் உண்டு.

கோச்சிடம் குளத்தோரம், மற்ற பெற்றோர் நடுவில் பேச வேண்டாம். இப்படி ஒரு மெசேஜ் போடுங்கள்: "சார், பாப்பாவுக்கு ஒன்பது மணி நேரத் தூக்கம் வேணும்னு வீட்டில் முடிவு பண்ணியிருக்கோம். அதனால் இந்த வருஷம் மாலை நாலு நாள், சனிக்கிழமை காலை மட்டும் அனுப்பறோம். பிரெஸ்ட் ஸ்ட்ரோக் டச் எங்கே தப்புதுன்னு பத்து நிமிஷம் பேசணும், எந்த நாள் வரட்டும்?" நல்ல கோச் நாள் சொல்வார், காலை வகுப்பு ஏன் என்பதற்கும் காரணம் சொல்வார், அதைக் காதுகொடுத்துக் கேளுங்கள். "வரலைன்னா ஸ்குவாடில் இடம் இல்லை" என்று மட்டும் பதில் வந்தால் வேறு கிளப் பாருங்கள். மாறும் முன், மாநிலச் சங்கப் பதிவு பழைய கிளப் பெயரில் இருந்தால் அதை மாற்ற என்ன செய்ய வேண்டும், எந்த மாதம் மாற்றலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். புதுக் கிளப்பில் பணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பு முழுக்க உட்கார்ந்து கவனியுங்கள்: ஒரு லேனில் எத்தனை பிள்ளைகள், கோச்சின் கண் தண்ணீரில் இருக்கிறதா போனில் இருக்கிறதா, கடைசியாக நீந்தி வரும் பிள்ளையிடம் அவர் என்ன சொல்கிறார்.